கோட்டுக்கு வெளியே நின்ற புள்ளிகள்

அத்தியாயம் ஒன்பது

“ஆறு மணி மட்டும்தான்,” என்றார் சிவரூபன் தொலைபேசியில். “அதுக்குப் பிறகு தேடுற படகு எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நான் என்ன செய்ய, லதீசன்?”

“ஆளைக் கண்டுபிடிக்கலாம், சேர்.”

“பகிடி விடாதேங்கோ,” என்று வைத்துவிட்டார்.

நான் பகிடி விடவில்லை. பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் போகும். தேடுதலைக் கவனிக்கிற அதிகாரி சிவரூபன் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தி சொன்னால் எனக்கு இன்னும் எரிச்சல். வாய் நிறையத் திட்டக்கூட முடியாது.

வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. இறக்கக்கண்டி மீனவர் ஸெய்னுதீன் செவ்வாய் விடியற்காலை தனியாகக் கடலுக்குப் போனவர். இன்னும் கரைக்கு வரவில்லை. அவருடைய மனைவி ஸல்ஹா எங்கள் கந்தோரில் உடையாமல் மிஞ்சிய ஒரே கதிரையில் இருந்தார். முன்னால் வைத்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

“என்னவாம்?” என்றார்.

“ஆறு மணி வரைக்கும் தேடுவினமாம்.”

“அதுக்குப் பிறகு?”

ஆறிப்போன தேநீரை நான் அவர் பக்கம் தள்ளினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை போகக்குள்ள நான் நல்லாக் கதைக்கவும் இல்ல. அவர்ட பையைத் தொடவும் இல்ல. தொட்டா ஏசுவாரு எண்டு பேசாம இருந்துட்டன்.”

எங்கள் கந்தோர் திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு வலைக்கடையின் மேல்மாடி. முதலாளி சனூஸா மிஸ், கிண்ணியாக்காரர். ஒரு காலத்தில் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவர். இப்போது காணாமல் போன ஆட்களையும் சாமான்களையும் தேடிக் கொடுக்கிறார். அவரிடம் கணிதம் படித்து இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். ஓட்டோ ஓட்டுவேன், படி ஏறி இறங்குவேன், ஏச்சு வாங்குவேன். சம்பளம் இதில் எதற்கு என்று எனக்கே தெளிவில்லை.

மிஸ் மடிக்கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “லதீசன், அந்தப் பெட்டிக் கதைய இன்னொருக்கா சொல்லுங்க. எங்கேயோ ஒரு இடத்துல நாம வழுக்குறம்.”

சொன்னேன். மீனவர் சங்கம் இரண்டு மாதத்துக்கு முன் தொண்ணூற்றாறு வள்ளங்களுக்கு ஆளுக்கொரு செம்மஞ்சள் பெட்டி கொடுத்தது. வள்ளம் எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதிச் சங்கத்துக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. எங்கே போனாய், எப்ப போனாய் என்று ஓயாமல் விசாரிப்பதால் கரையில் அதற்கு மாமியார் என்று பெயர். ஸெய்னுதீனின் மாமியார் செவ்வாய் காலை பத்து நாற்பதுக்குத் துறைமுக வாயிலுக்குத் தெற்கே, வெளிச்சவீட்டு முனைக்கு அப்பால் பேச்சை நிறுத்தியது. அந்த இடத்தைச் சுற்றித்தான் இரண்டு நாளாகத் தேடுகிறார்கள். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை.

“அவர்ட பழைய தடங்கள்?”

“அறுபது நாளையும் நான்தானே பார்த்தனான். அம்பத்தொன்பது நாள் இதே தெற்குப் பக்கம். ஒரே ஒரு நாள் வடக்கால. அண்டைக்கு மாமியாருக்கு மண்டை பிழைச்சிருக்கும் எண்டு ஒதுக்கி வச்சிட்டன்.”

மிஸ் சிரிக்கவில்லை. “சரி. அவரோட ஒண்டாப் போற வள்ளம் ஏதும் இரிக்கா எண்டு தேடுவம். கூடப் போற ஆளுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்.”

திரையில் ஒரு படம் வந்தது. புள்ளி புள்ளியாக, தரையில் அரிசி கொட்டின மாதிரி.

“இதென்ன மிஸ்?”

“ஒரு வள்ளத்துட வேகம் இடமிருந்து வலமா. இன்னொரு வள்ளத்துட வேகம் கீழிருந்து மேலா. ஒரு நிமிசத்துக்கு ஒரு புள்ளி. ஒருத்தர் ஓடக்குள்ள மத்தவர் வலை இழுத்துக்கொண்டு நிப்பார். அதால புள்ளி சிதறிக் கிடக்கு. ரெண்டு பேரும் ஒண்டாப் போய் ஒண்டா வந்தா புள்ளியெல்லாம் கோடு மாதிரி நெருங்கி வரும். தொண்ணூத்தாறு வள்ளத்தையும் ரெண்டு ரெண்டாச் சோடி சேர்த்தா எத்தனை படம்?”

“கலியாணத் தரகரைத்தான் கேக்க வேணும்.”

“நாலாயிரத்து ஐந்நூத்தி அறுபது.”

படத்துக்குப் பத்து வினாடி என்றாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலே. எங்களிடம் இருந்தது நாலரை மணித்தியாலம்கூட இல்லை.

“நாம பாக்கத் தேவையில்ல,” என்றார் மிஸ். “ஒவ்வொரு படத்துட உருவத்துக்கும் சோதனைத் தாளுக்குப் போடுற மாதிரி கணினி புள்ளி போடட்டும். மெலிஞ்சிரிக்கா, கும்பல் கும்பலாக் கிடக்கா, வரி வரியா நிக்கா, கூட்டத்த விட்டுத் தள்ளி நிக்கிற புள்ளி இரிக்கா. ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்துல இருந்து ஒண்டுக்குள்ள ஒரு இலக்கம். பிறகு மெலிவு கூடினத மட்டும் மேல எடுத்துப் பாப்பம்.”

“எனக்கு நீங்க போட்ட புள்ளியெல்லாம் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிண்டது.”

“வாய மூடிக்கொண்டு பாட்டரி வயரப் பிடிங்க. கரண்ட் போயிரிச்சி.”

இரண்டு இருபத்தைந்துக்கு முடிவு வந்தது. நாலாயிரத்து ஐந்நூற்று அறுபதில் பதினைந்தே பதினைந்து படங்கள் மேலே ஏறி நின்றன. ஒவ்வொன்றும் அடிமட்டம் வைத்து இழுத்த நேர்கோடு. நான் பாய்ந்து பெயர்களைப் படித்தேன். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ஸெய்னுதீனின் பெயர் எதிலும் இல்லை.

“அப்ப அவரோட ஒருத்தரும் போகல்லியா?” என்றார் ஸல்ஹா. குரல் உடைந்துவிட்டது. “அவ்வளவு பெரிய கடல்ல அவர் மட்டுமா?”

எனக்கு மடிக்கணினியைத் தூக்கித் துறைமுகத்துக்குள் எறிய வேண்டும் போலிருந்தது. ஒரு மனிதர் கடலில் தாகத்தோடு கிடக்கிறார், நாங்கள் புள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மிஸ் மட்டும் அசையவில்லை. “லதீசன், ரெண்டு வள்ளம் கையைக் கோத்துக்கொண்டு ஓடினாலும் இப்படி வராது. ஒருத்தர் அலையில ஏறக்குள்ள மத்தவர் இறங்குவார். கோடு கொஞ்சமாவது தடிச்சிரிக்கணும். இது நூல் மாதிரி.”

“அப்ப?”

“இது ரெண்டு வள்ளம் இல்ல. ஒரு வள்ளத்துக்குள்ள ரெண்டு பெட்டி.”

“பதினைஞ்சு படம் இருக்கே?”

“ஆறு பேர் ஆளுக்காள் கையப் பிடிச்சுக் கைலாகு குடுத்தா எத்தனை கைலாகு? பதினைஞ்சு. இந்தப் படங்கள்ல வாற பெயரையும் எண்ணிப் பாருங்க. ஆறு பேர்தான். ஆறு மாமியாரும் ஒரே வள்ளத்துல போகுதுகள்.”

வீட்டில் ஒரு மாமியாரையே சமாளிக்க முடியாத எனக்கு அந்த வள்ளத்தை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. “ஆரின்ர வள்ளம் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“இந்த ஆறு பெட்டியும் மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல ஓடினதே இல்ல. சங்கத்துப் பதிவப் பாருங்க. அஞ்சு பேரிட்ட நாப்பது குதிரை வலு எஞ்சின். அவங்க ஏன் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போகணும்? ஆறாவது ஆள்ட எஞ்சின் என்ன?”

பார்த்தேன். எட்டுக் குதிரை வலு, நிலாவெளி வல்லிபுரம்.

“ஆனா மிஸ், இதில ஸெய்னுதீன் இல்லையே. அவருக்கும் இதுக்கும் என்ன?”

“தெரியா. ஆனா கரையில பொய் சொல்ற பெட்டி இரிக்கி எண்டு தெரிஞ்ச பிறகு, அவர்ட பெட்டிய மட்டும் எதுக்கு நம்புற? எழும்புங்க.”

வல்லிபுரம் பிடித்த மீனை நகரத்தில் விற்கிறவர். சந்தைக்குப் பின்னால் கரையில் வள்ளத்தை இழுத்துவிட்டு அதன் நிழலில் ஊசியால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். எங்களைக் கண்டதும் ஊசி நின்றது.

“வல்லிபுரம் அண்ணை, உங்கட வள்ளத்தில எத்தனை பெட்டி போகுது?” என்றேன்.

“என்ன பெட்டி? மீன் பெட்டியோ?”

“மாமியார்ப் பெட்டி.”

“ஒண்டு. எல்லாருக்கும் ஒண்டுதானே குடுத்தவங்கள்.” ஊசி மறுபடியும் ஓடத் தொடங்கியது. வலையில் கிழிசல் இல்லாத இடத்தில் ஓடியது.

“அண்ணை, கணினி ஆறு எண்டு சொல்லுது.”

“கணினி கடலுக்கு வந்ததோ?”

நான் வாயைத் திறக்க முன் ஓட்டோவிலிருந்து ஸல்ஹா இறங்கி வந்தார். மணலில் செருப்புப் புதைய நின்றார். “வல்லிபுரம் அண்ணன், ஆறு மணிக்குத் தேடுறத நிப்பாட்டப் போறாங்களாம். மூணு பிள்ளைகள் வாசல்லயே இருக்குதுகள். நான் வீட்டுக்குப் போய் என்னத்தச் சொல்லுற?”

வல்லிபுரம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலையை இரண்டு கையாலும் முகத்தில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

“ஏழு,” என்றார். “ஆறு இல்லை, பிள்ளை. ஏழு. உன்ர மனுசன்ரயும் என்னட்டத்தான்.”

பிறகு அவரே எல்லாவற்றையும் கொட்டினார். கடலுக்கடியில் மீன் சேர்கிற கல்மேட்டைப் பார் என்பார்கள். பாரைக் கண்டுபிடித்த மீனவன் அந்த இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். பெட்டி வந்தால் சங்கத்துக் கணினிக்குத் தெரியும், கணினிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்று ஸெய்னுதீன் உட்பட ஆறு பேருக்குப் பயம். ஆகவே விடியற்காலையில் பெட்டிகளை வல்லிபுரம் மீனுக்கு ஐஸ் போடுகிற றெஜிபோம் பெட்டிக்குள் போட்டுவிட்டு அவரவர் பாருக்குப் போய்விடுவார்கள். அவர் தன்னுடையதோடு ஏழு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போய், ஒரு சின்ன வலையைப் போட்டுவிட்டு வருவார். ஆளுக்கு ஒரு மீன் கூலி.

“செவ்வாய்க்கிழமை அவன்ர பெட்டிக்குச் சார்ஜ் முடிஞ்சு போச்சு. பத்தரை மட்டில வெளிச்சம் நிண்டது. நான் அதைப் பெரிசா எடுக்கேல்ல.”

“அங்கயே தேடுறாங்க எண்டு தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கேல்ல?” நான் கத்திவிட்டேன். வயதுக்கு மரியாதை கொடுக்கிற நிலையில் நான் இல்லை.

“பெட்டியைக் கைமாத்தினா ஒரு வருசம் கடலுக்குப் போக ஏலாது எண்டு கையெழுத்து வாங்கினவங்கள், தம்பி. ஆறு குடும்பம். ஒருத்தரும் சொல்லுறேல்ல எண்டு சத்தியம் பண்ணினம். நாங்களே தேடிக் கொண்டுவாறம் எண்டு அஷ்ரப்பும் மற்றப் பெடியளும் நேற்றும் இண்டைக்கும் வடக்கால திரியிறாங்கள். கடல்ல எங்க எண்டு தேடுறது? அவன்ர பார் எங்க எண்டு அவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.”

அதுதான் கொடுமை. ஸெய்னுதீன் தன்னை அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருந்தார். மூன்று பத்து ஆகியிருந்தது. ஸல்ஹா மணலில் அப்படியே இருந்துவிட்டார்.

மிஸ் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். “ஏழு. ஏழு எண்டா இருபத்தொரு கைலாகு. எனக்கு வந்தது பதினைஞ்சு.”

“கணினிக்கும் கணக்குப் பிழைக்கும் மிஸ். என்னை மாதிரி.”

“பிழைக்கல்ல. ஸெய்னுதீன்ட ஆறு படமும் எங்க? மத்தது மாதிரி ஏன் மெலிஞ்சு வரல்ல?” அவர் ஓட்டோவின் பின் ஆசனத்தில் மடிக்கணினியைத் திறந்தார். “மெலிவ விடுவம். கூட்டத்த விட்டுத் தள்ளி நிக்கிற புள்ளி எந்தப் படத்துல கூட எண்டு பாப்பம்.”

விரல் தட்டியது. பட்டியல் மாறியது. உச்சியில் வரிசையாக ஆறு படங்கள். ஆறிலும் ஸெய்னுதீன்.

ஸெய்னுதீனையும் வல்லிபுரத்தையும் சோடி சேர்த்த படத்தை மிஸ் பெரிதாக்கினார். அதே நூல் போன்ற கோடு. ஆனால் கோட்டுக்கு வெளியே, படத்தின் ஒரு கரையோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் புள்ளிகள் தனியாக நின்றன.

“இந்தப் புள்ளிகள்ல வல்லிபுரம் அண்ணன்ட வேகம் பூச்சியம்,” என்றார் மிஸ். “ஸெய்னுதீன்ட வேகம் நாப்பது கிலோமீற்றர் வரைக்கும் போகுது. எல்லாம் ஒரே நாள். போன மாசம் பன்னிரண்டாந் திகதி.”

“அண்டைக்கு நான் கடலுக்குப் போகேல்ல,” என்றார் வல்லிபுரம். “எங்கட அம்மன் கோயில் தேர். பெட்டி ஏத்தேலாது எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டன். எல்லாரும் பெட்டியை வீட்டில வச்சிட்டுத்தான் போனவங்கள்.”

“வீட்டுல வச்சவங்கட பெட்டியும் பூச்சியம், உங்கடதும் பூச்சியம். அதால அவங்கட கோடு குலையல்ல. ஒரு பெட்டி மட்டும் கடலுக்குப் போயிரிக்கி.” மிஸ் என் பக்கம் திரும்பினார். “லதீசன், நீங்க ஒதுக்கி வச்ச அந்த வடக்கு நாள் எது?”

நான் என் குறிப்பைப் புரட்டினேன். “பன்னிரண்டாந் திகதி.”

ஐம்பத்தொன்பது நாள் பொய். ஒரே ஒரு நாள் உண்மை. அந்த ஒன்றைத்தான் நான் மண்டை பிழைத்த நாள் என்று ஒதுக்கியிருந்தேன், அதுவும் சிரித்துக்கொண்டு. மிஸ் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. தடத்தைத் திறந்தார். இறக்கக்கண்டியிலிருந்து கிளம்பி, புறாமலைத் தீவைத் தாண்டி, வடகிழக்கே இன்னும் பதினெட்டுக் கிலோமீற்றர் போய், ஒரே இடத்தில் ஐந்து மணித்தியாலம் நின்றிருந்தது வள்ளம்.

“அதுதான் அவர்ட பார்,” என்றார். “எஞ்சின் கைவிட்டிருந்தா நங்கூரத்தப் போட்டுக்கொண்டு அங்கதான் இருப்பார். இன்ஷா அல்லாஹ்.”

நாலுக்குச் சிவரூபனின் கந்தோரில் நின்றோம். அவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

“மிஸ், புள்ளிப் படத்தைக் காட்டி நாலு படகை நான் வடக்கால திருப்பேலாது. நாளைக்கு ஆர் சொன்னது எண்டு என்னைக் கேப்பினம்.”

“நான் சொன்னது,” என்றார் வல்லிபுரம் பின்னால் நின்று. “எழுதுங்கோ. ஏழு பெட்டியும் என்ர வள்ளத்தில போனது எண்டு எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

“ஒரு வருசம் கடலுக்குப் போகேலாமப் போகும், ஐயா.”

“எழுதுங்கோ தம்பி. நேரம் போகுது.”

எழுதினார்கள். வல்லிபுரம் முழுப் பெயரையும் போட்டார். அதற்குள் சிவரூபன் வயர்லெஸ்ஸில் படகுகளை வடக்கே திருப்பிவிட்டார். வல்லிபுரம் ஒலிவாங்கியை வாங்கி அஷ்ரப்பைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னார். அவர்கள்தான் கிட்ட நின்றார்கள். ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்றது மறுமுனை.

அந்த ஒரு மணித்தியாலத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. நங்கூரக் கயிறு அறுந்திருந்தால்? அவர் தண்ணீரில் விழுந்திருந்தால்? நாங்கள் கண்டுபிடித்தது வெறும் கல்மேடாக இருந்தால்? என் வாயிலும் பகிடி வற்றிவிட்டது.

மிஸ் ஸல்ஹாவின் பக்கத்தில் போய் இருந்தார். “ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. தேரண்டைக்கு அவர் மட்டும் ஏன் பெட்டியக் கொண்டு போனார்?”

ஸல்ஹா தன் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவர் கொண்டு போகல்ல, மிஸ். அலுமாரிக்கு மேல கிடந்திச்சு. மறந்துட்டுப் போறாரு, சங்கத்துல ஏசப் போறாங்க எண்டு நினைச்சி நான்தான் சோத்துப் பைக்குள்ள, பார்சலுக்குக் கீழ வச்சன். வந்து ரெண்டு நாள் என்னோட கதைக்கல்ல. என்ன பிழை செஞ்ச எண்டும் சொல்லல்ல. அதுக்குப் பிறகுதான் அவர்ட பையை நான் தொடாம விட்டது.”

மிஸ்ஸை எனக்குத் தெரிந்த இத்தனை வருடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஐந்து முப்பத்தெட்டு. வயர்லெஸ் கரகரத்தது. எல்லோரும் எழும்பிவிட்டோம்.

“வள்ளம் தெரியுது... நங்கூரத்துல நிக்கிது...” அஷ்ரப்பின் குரல் விட்டு விட்டு வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. சிவரூபன் வயர்லெஸ்ஸைத் தட்டினார். வல்லிபுரம் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஸல்ஹா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“...ஆள் இருக்காரு! உசிரோட இருக்காரு! அல்ஹம்துலில்லாஹ்!”

சிவரூபன் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

“கதைக்கிறாரா?” என்றார் ஸல்ஹா. “கேளுங்க, கதைக்கிறாரா?”

“கதைக்கிறாரா எண்டா?” அஷ்ரப் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “ஏசுறாரு! ரெண்டு மிடறு தண்ணி குடிச்ச உடனே கேட்ட முதல் கேள்வி, ‘இந்தப் பார உங்களுக்கு ஆருடா காட்டிக் குடுத்த?’ எண்டு!”

ஸல்ஹா எழுந்து போய், சிவரூபனின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“நான்தான் எண்டு சொல்லுங்க,” என்றார். “சோத்துப் பையில வச்சது நான்தான். இனியும் வைப்பன் எண்டு சொல்லுங்க.”

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.